மலைப்பகுதியில் வெள்ளக் கண்காணிப்பு நிலையம் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்துக்கும் மேலே, ஆற்றின் நீர்மட்டத்தைத் தானாக அளந்து கீழே இருக்கும் ஊர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் சிறு நிலையங்களைப் பற்றிய பக்கம் இது. சமவெளி ஆறுகளுக்கு எழுதப்பட்ட வழிமுறைகளில் பாதி இங்கே செல்லாது. மலை ஆறு வேகமானது, கல்லை உருட்டிக்கொண்டு வருவது, ஒரே இரவில் தன் படுகையை மாற்றிக்கொள்வது.

முதலில் எந்த சென்சார் வாங்க வேண்டும்?

சென்சாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது, ஊர் மக்கள் மேட்டுக்கு ஏற எத்தனை நிமிடம் ஆகும் என்பது. பகலில், நடக்கக்கூடியவர்களுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு, மழையில், முதியவர் ஒருவரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போக ஆகும் நேரமே கணக்கு. அது 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

செங்குத்தான ஆற்றில் வெள்ள அலை நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வருவது சாதாரணம். நிலையம் ஊருக்கு 10 கிலோமீட்டர் மேலே இருந்தால் அலை வந்து சேர 2,500 நொடி, அதாவது சுமார் 41 நிமிடம். அதில் அளவீட்டு இடைவெளிக்கு 5 நிமிடம், மறு அளவீடு எடுத்து உறுதி செய்ய 3, செய்தி போய்ச் சேர 2, யாரோ ஒருவர் பார்த்து முடிவெடுக்க 5 என்று 15 நிமிடத்தைக் கழியுங்கள். மீதி 26. ஊருக்குத் தேவை 20. ஒப்பேறும்.

இதே நிலையத்தை 3 கிலோமீட்டர் மேலே வைத்தால் அலை பன்னிரண்டரை நிமிடத்தில் வந்துவிடும். கழிக்க வேண்டிய 15 நிமிடமே அதில் இல்லை. அங்கே எவ்வளவு விலையுயர்ந்த ரேடாரை மாட்டினாலும் அது வெள்ளத்தைப் பதிவு செய்யுமே தவிர யாரையும் காப்பாற்றாது.

அப்படியானால் முடிந்தவரை மேலே போய்விடலாமே?

போகலாம், ஆனால் மேலே போகப் போக, நிலையத்துக்குக் கீழே வந்து சேரும் ஓடைகள் கண்ணில் படாமல் போகும். ஊரை அழிக்கும் வெள்ளம் அவற்றில் ஒன்றிலிருந்தே வரலாம். பெரிய கிளையாறு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே முதன்மை நிலையம், அதற்கும் மேலே இன்னொரு எளிய நிலையம் என்று இரண்டாகப் பிரிப்பது நல்லது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், தேவையான நிமிடங்களைத் தரும் இடங்களில் எது ஊருக்கு மிக அருகில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

மழைமானி மட்டும் வைத்தால் போதாதா? விலையும் குறைவு.

போதாது. மலையில் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும் மழை அந்தப் பக்கம் தூறலாகக்கூட இருக்காது. அதைவிட முக்கியம், மழையே இல்லாமலும் வெள்ளம் வரும். உத்தராகண்ட் மாநிலம் சமோலியில் 2021 பிப்ரவரி 7 அன்று ரோந்தி சிகரச் சரிவிலிருந்து சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தன. குளிர்கால நாளில் வந்த அந்த வெள்ளம் இரண்டு நீர்மின் திட்டங்களை நொறுக்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். 2023 அக்டோபர் தொடக்கத்தில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணையை அடித்துச் சென்றது. பனியேரி உடைப்பிலும் நிலச்சரிவு வெள்ளத்திலும் மழைமானி மட்டும் வைத்திருந்தால் ஏமாந்துபோவோம்.

மழைமானி வேண்டும்தான். கூடுதல் நேரம் தரும் துணைச் சான்றாக வையுங்கள், தீர்ப்புச் சொல்லும் கருவியாக வைக்காதீர்கள்.

இடம் பார்க்கும்போது எதை எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறு தன் அகலத்தைப்போல் குறைந்தது ஐந்தாறு மடங்கு தூரத்துக்கு நேராக ஓடும் இடம். படுகையிலோ கரையிலோ அசையாத பாறை. வளைவின் உட்பக்கம் மணல் சேரும், வெளிப்பக்கம் கரை அரிக்கும், இரண்டும் வேண்டாம். ஓடை மலையிலிருந்து இறங்கி விசிறிபோல் பரவும் கூழாங்கல் மேட்டில் வைக்கவே கூடாது. இன்று ஆறு அங்கே ஓடுகிறது என்பதற்காக அடுத்த ஆண்டும் அங்கேயே ஓடாது.

பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே சரிவில் புதிதாக உரிந்த செம்மண் தெரிகிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, காலடியில் கூர்மையான புதுக் கற்கள் கிடக்கின்றனவா? நிலையத்தை ஆறு கொண்டுபோவதைப் போலவே கல்விழுச்சியும் கொண்டுபோகும்.

பழைய வெள்ளத்தின் உயரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மரப்பட்டையில் கல் மோதிய காயம், பாறை இடுக்கில் சிக்கிய சருகு, வண்டல் கோடு, ஊர்ப் பெரியவர்கள் காட்டும் படிக்கட்டு என எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து எழுதுங்கள். கிடைத்த மிக உயர்ந்த அடையாளத்துக்கு மேல் சென்சாருக்குக் குறைந்தது 2 மீட்டர், லாகர் (அளவீடுகளைப் பதிவு செய்து அனுப்பும் கருவி) பெட்டிக்கு 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். தண்ணீர் தொடாவிட்டாலும் அதில் மிதந்து வரும் மரத்தின் வேர்முண்டு தொடும்.

கடைசியாக, கையில் காம்பஸும் சாய்வுமானியும் எடுத்துச் சுற்றியிருக்கும் மலைவிளிம்பின் கோணத்தைப் பத்து டிகிரிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழும், எந்தத் திசையில் செயற்கைக்கோள் தெரியும் என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஒரே படம் பதில் சொல்லும். இதைச் செய்யாமல் கோடையில் இடம் பார்த்து, குளிர்காலத்தில் பேட்டரி செத்துப்போன நிலையங்கள் ஏராளம்.

இருக்கிற பாலத்திலேயே மாட்டலாமா?

கான்கிரீட் பாலமாக, தூண்கள் கரையில் நிற்பதாக இருந்தால் மிக நல்லது; கம்பமும் அஸ்திவாரமும் மிச்சம். தூணுக்குப் பின்னால் எழும்பும் அலையைத் தவிர்க்க, பாலத்தின் மேல்நீர்ப் பக்கத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டுங்கள். கம்பித் தொங்குபாலம் வேண்டாம். காற்றிலும் ஆள் நடக்கும்போதும் அது ஆடும், வெயிலில் கம்பி நீண்டு தளமே இறங்கும்.

ரேடார், அல்ட்ராசோனிக், அழுத்த சென்சார்: எது சரி?

கல் உருளும் ஆறுகளுக்கு ரேடார். தண்ணீரைத் தொடாமல் மேலிருந்து அளப்பதால் கல்லடி படாது. வெப்பநிலை, வண்டல் எதுவும் அதைப் பெரிதாகப் பாதிக்காது.

ஒலி அலையை அனுப்பி அளக்கும் அல்ட்ராசோனிக் மலிவானது. ஆனால் காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.18 சதவீதம் மாறும். சென்சார் உறை வெயிலில் சூடாகி, காற்றைவிட 5 டிகிரி அதிகமாகக் காட்டினால், 8 மீட்டர் தூரத்தில் 7 சென்டிமீட்டர் பிழை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஆறு தினமும் ஏறி இறங்குவதுபோல் வரைபடம் வரும். 4 மீட்டருக்கு உட்பட்ட உயரம், வெயில் மறைப்பு இரண்டும் இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

அழுத்த சென்சார் தண்ணீருக்குள் இருக்கிறது; வெள்ளத்தில் முதலில் போவதும் அதுதான். பிழைத்தாலும் வெள்ளத்தின்போது தவறாகக் காட்டும். வண்டல் கலந்து தண்ணீரின் அடர்த்தி 1.1 ஆனால் 3 மீட்டர் ஆழத்தை 3.3 என்று சொல்லும். காற்றழுத்தக் குழாய் உள்ள கேபிள் என்றால் அதன் முனையில் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் நனைந்ததும் குழாய் அடைபடும். குழாய் இல்லாத வகைக்குத் தனியாக பாரோமீட்டர் வேண்டும், ஏனெனில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் மாறியதாகத் தெரியும். பாறை இடுக்கில் பாதுகாப்பாகக் குழாய் பதிக்க முடிந்தால் ரேடாருக்கு இரண்டாம் சாட்சியாக இதை வைக்கலாம்.

எது வாங்கினாலும் பக்கத்தில் ஒரு அளவுகோல் பலகை கட்டாயம் வேண்டும். ஆள் கண்ணால் படிக்கும் பலகை இல்லாவிட்டால், சென்சார் பொய் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ரேடாரை எப்படி மாட்டுவது?

ரேடார் கதிர் கீழே போகப் போக விரியும். 10 டிகிரி கதிர் 10 மீட்டர் கீழே சுமார் 1.75 மீட்டர் விட்டமுள்ள வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குள் பாறை, கரைச்சுவர், செடி, தன் கம்பத்தின் அடிப்பாகம் எதுவும் வரக் கூடாது. செங்குத்துச் சுவரிலிருந்து நீட்டும் கை குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். 80 ஜிகாஹெர்ட்ஸ் ரேடார்களின் கதிர் குறுகலானது. ஒடுங்கிய பள்ளத்தாக்குக்கு அவை வசதி.

மட்டக்குமிழி வைத்து, சாய்வு 2 டிகிரிக்குள் இருக்கும்படி நிறுத்துங்கள். நீட்டிய கை காற்றில் ஆடாமல் இருக்க ஒரு சாய்வுத் தாங்கி கொடுக்க வேண்டும். குறைந்த நீர்க்காலத்திலும் கதிரின் கீழே தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். வெறும் கூழாங்கல்லை அளந்துகொண்டு "நீர்மட்டம் சீராக உள்ளது" என்று மாதக்கணக்கில் அறிக்கை அனுப்பும் நிலையங்கள் உண்டு.

அளவீட்டை 30 நொடிக்கு நொடிக்கொன்றாக எடுத்து நடுமதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தெறிப்பு மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

அஸ்திவாரத்துக்கு எவ்வளவு சிமென்ட் தூக்க வேண்டும்?

60 × 60 × 90 சென்டிமீட்டர் குழி என்றால் 0.32 கன மீட்டர் கான்கிரீட். 1:1.5:3 கலவைக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை கிட்டத்தட்ட மூன்று, 200 கிலோவுக்கு மேல் மணல், 400 கிலோ ஜல்லி. மணலையும் ஜல்லியையும் ஆற்றிலிருந்தே எடுக்கலாம், ஆனால் மணலைக் கழுவ வேண்டும். உள்ளே இருப்பது தெரியும் ஒரு பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், மேலே படியும் வண்டல் தடிப்பாக இருக்கும்வரை கழுவுங்கள்.

நல்ல பாறை இருந்தால் இதெல்லாம் வேண்டாம். 16 மில்லிமீட்டர் மரையுள்ள கம்பி நான்கு, 250 முதல் 300 மில்லிமீட்டர் ஆழத் துளை, எபாக்சி பசை, ஒரு அடித்தகடு. மொத்தச் சுமை இரண்டு ஆளுக்குள் முடியும். இதில் தோல்விக்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: துளைக்குள் தூசி. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, மறுபடி பிரஷ் போட்டு, மூன்றாம் முறையும் ஊதிய பிறகே பசை. தூசி மீது ஒட்டிய பசை கம்பியோடு கழன்று வந்துவிடும். குளிரில் எபாக்சி இறுக மணிக்கணக்கில் ஆகும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை அட்டவணையைப் பார்த்து, அதுவரை நட்டை முறுக்காமல் காத்திருங்கள். கான்கிரீட் போட்டால் முதல் இரண்டு இரவு உறையாமல் சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூட வேண்டும்.

சுமைக்கு ஒரு விதி: எந்தத் தனிப் பொருளும் 25 கிலோவைத் தாண்டக் கூடாது, எந்தக் குழாயும் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. கம்பத்தைத் துண்டுகளாக வெட்டி ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகடு) வைத்து இணையுங்கள்.

கிளம்புவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முழு நிலையத்தையும் கீழே திறந்தவெளியில் பூட்டி, இரண்டு வாரம் ஓட விடுங்கள். அதே பேட்டரி, அதே கேபிள், அதே ஆன்டெனா, அதே சிம். பிறகு ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் பெயர் ஒட்டி, புகைப்படம் எடுத்து, பிரித்துக் கட்டுங்கள். நட்டு, போல்ட், ஃப்யூஸ், கிளாண்ட் (பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் அடைப்பு) எல்லாம் இரட்டிப்பு. மேலே போன பிறகு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று இல்லாததால் ஒரு குழுவே இரண்டு நாள் நடந்து திரும்ப வேண்டியதாகிவிடும்.

சோலார் பேனல், பேட்டரி அளவை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு எடுத்துக்காட்டு, 12 வோல்ட்டில். லாகர் 6 மில்லியாம்ப் தொடர்ந்து எடுத்தால் நாளுக்கு 0.14 ஆம்ப்-மணி. ரேடார் விட்டுவிட்டு ஓடி சராசரி 2 மில்லியாம்ப் என்றால் 0.05. செல்போன் மோடம் காத்திருப்பில் 15 மில்லியாம்ப்: 0.36. சார்ஜ் கன்ட்ரோலர் தனக்கே எடுத்துக்கொள்ளும் 5 மில்லியாம்ப்: 0.12. பலர் மறப்பது இந்தக் கடைசி வரியைத்தான். மொத்தம் நாளுக்கு 0.67.

வெயிலே இல்லாமல் 15 நாள் தாக்குப்பிடிக்க 10 ஆம்ப்-மணி. ஈய அமில பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் 20. கடுங்குளிரில் கொள்ளளவு 70 சதவீதத்துக்கு இறங்கும் என்று வைத்தால் 29. வயதாகி இன்னும் 20 சதவீதம் குறையும் என்றால் 36. ஆக, 40 ஆம்ப்-மணி பேட்டரி.

பேனலுக்கு: தினசரிச் செலவு 8 வாட்-மணி, காலியான 10 ஆம்ப்-மணியைப் பத்து நாளில் நிரப்ப இன்னொரு 12. மொத்தம் 20, இழப்பு 30 சதவீதம் சேர்த்தால் 29. ஆழப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் நாளுக்கு முழு வெயில் ஒன்றரை மணி நேரம்தான் என்றால் சுமார் 19 வாட் தேவை. தூசி, பனி, பறவை எச்சம் எல்லாவற்றுக்கும் இடம்விட்டு 40 வாட் போடுங்கள். பனி கொட்டும் இடமானால் பேனலை 60 டிகிரி சாய்த்து வைத்தால் பனி தானாக வழுக்கி விழும்.

லித்தியம் பேட்டரி எடை குறைவாயிற்றே?

உண்மை. 40 ஆம்ப்-மணிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஏறத்தாழ 5 கிலோ, ஈய அமிலம் 13 கிலோ. ஆனால் லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். நல்ல பாதுகாப்புச் சுற்று சார்ஜை நிறுத்திவிடும். அப்போது வாரக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் நிலையம் அணையும். உறைபனி இல்லாத இடத்தில் லித்தியம், உறையும் இடத்தில் ஈய அமிலம். ஈய அமிலத்தையும் காலியாக விடாதீர்கள், காலியான பேட்டரிக்குள் அமிலம் உறைந்து உறை வெடிக்கும்.

செல்போன் சிக்னல் இருக்கிறது. எஸ்எம்எஸ் போதுமா?

சாதாரண நாளில் போதும். கனமழை இரவில் கோபுரத்துக்கு மின்சாரம் போகும், அடிவாரத்து ஃபைபர் கேபிள் நிலச்சரிவில் அறுபடும். எந்த நேரத்துக்காக நிலையம் வைத்தோமோ அந்த நேரத்தில்தான் செல்போன் படுக்கும். அதனால் இரண்டு வழி வேண்டும், இரண்டும் ஒரே கோபுரத்தை நம்பியிருக்கக் கூடாது.

செயற்கைக்கோளில் இரண்டு வகை. இரிடியம் போல் துருவங்களைச் சுற்றி வருபவை ஆழப் பள்ளத்தாக்கிலும் தலைக்கு மேலே வரும். ஒன்று மறைந்து அடுத்தது வரச் சில நிமிடம் ஆகலாம், மறுமுயற்சி செய்யும்படி லாகரை அமையுங்கள். ஒரு செய்திக்கு 340 பைட் வரை போகும், ஒரு நீர்மட்டத்துக்கு 2 பைட் போதும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே அசையாமல் நிற்பவை. 30 டிகிரி வடக்கில் அவை அதிகபட்சம் 55 டிகிரி உயரத்தில், தெற்கே தெரியும். தெற்குச் சுவர் அதைவிட உயர்ந்தால் கதை முடிந்தது. மலைவிளிம்புப் படம் எடுக்கச் சொன்னது இதற்கும்தான்.

லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ) வைத்து நாமே இணைப்பு உண்டாக்கலாமா?

மிக நல்ல வழி, மாதக் கட்டணமும் இல்லை. ஆனால் நேர்கோட்டில் பார்வை மறையாமல் இருந்தால் மட்டும் போதாது. 868 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றி 17 மீட்டர் அளவுக்காவது வெற்றிடம் வேண்டும். முகட்டை உரசிப் போகும் கோடு இலை உதிர்ந்த காலத்தில் எடுக்கும், மரம் துளிர்த்ததும் விட்டுப்போகும். முகட்டில் ரிப்பீட்டர் (செய்தியை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வைத்தால் அது இன்னொரு முழு நிலையம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்: அதற்கும் பேனல், பேட்டரி, இடிதாங்கி, பராமரிப்பு எல்லாம் வேண்டும். அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும், அனுமதியை முன்பே வாங்குங்கள்.

பாறையில் எர்த் எப்படிப் போடுவது?

கம்பி அடித்து இறக்க முடியாது. கம்பத்தைச் சுற்றி ஒரு செம்பு வளையம், அதிலிருந்து மண் இருக்கும் திசைகளில் மூன்று நான்கு நீண்ட பட்டைகள், மேலே பென்டோனைட் களிமண் கலவை. சமவெளியில் கேட்கும் 10 ஓம் கிடைக்காது, அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். கம்பம், பெட்டி, பேனல் சட்டம், சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்னழுத்தத்தைத் தரைக்குத் திருப்பும் கருவி) எல்லாம் ஒரே புள்ளியில் இணைந்திருப்பதே கருவிகளைக் காக்கும். இடி விழும்போது எல்லாவற்றின் மின்னழுத்தமும் சேர்ந்து ஏறி இறங்கினால் நடுவில் மின்னோட்டம் பாயாது. பெரும்பாலும் கருவி சாவது நேரடி இடியில் அன்று. நீண்ட கேபிளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தில்தான். கேபிளைக் குறையுங்கள். சென்சாரையும் லாகரையும் இணைக்கும் முறை எஸ்டிஐ-12 என்றால் 60 மீட்டருக்குள், அதற்கு மேல் ஆர்எஸ்-485 முறை.

எச்சரிக்கை அளவை எப்படி நிர்ணயிப்பது?

ஊரில் முதல் வீட்டின் வாசலில் தண்ணீர் ஏறும் மட்டத்தை அளந்து, அது நிலையத்தில் எந்த மட்டத்துக்கு ஈடு என்று கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே, தேவையான நிமிடங்கள் மீதமிருக்கும் அளவில் "வெளியேறு" மட்டம். அதற்கும் கீழே "தயாராகு" மட்டம்.

மட்டம் மட்டும் போதாது, ஏறும் வேகத்தையும் சேருங்கள். பத்து நிமிடத்தில் அரை மீட்டர் ஏறினால், இன்னும் ஆபத்து மட்டத்தைத் தொடாவிட்டாலும் மணியடிக்க வேண்டிய ஆறுகள் உண்டு. அந்த எண் ஒவ்வொரு ஆற்றுக்கும் வேறு. முதல் மழைக்காலத்துத் தரவிலிருந்து திருத்துங்கள். சாதாரணமாக 5 நிமிடத்துக்கு ஒரு அளவு, தயாராகு மட்டம் தாண்டியதும் நிமிடத்துக்கு ஒன்று. அடுத்தடுத்து மூன்று அளவும் ஒத்துப்போனால் மட்டும் எச்சரிக்கை. கதிரின் கீழே கிளை சிக்குவது, சிலந்தி கூடு கட்டுவது போன்ற பொய் எச்சரிக்கைகளில் பெரும்பங்கை இது வடிகட்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் பெரும்பாலான நிலையங்களில் விடுபடுகின்றன.

ஒன்று, நீர்மட்டம் திடீரென இறங்குவது. மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஆறு வற்றினால், மேலே நிலச்சரிவு ஆற்றை அடைத்துவிட்டது என்று பொருள். தண்ணீர் அதற்குப் பின்னால் தேங்கிக்கொண்டிருக்கிறது; உடைந்தால் முழுதும் ஒன்றாக வரும். மீன் பிடிக்க ஆற்றில் இறங்குவதற்கு இதைவிட மோசமான நேரம் இல்லை.

இரண்டு, நிலையம் பேசாமல் போவது. மழை நேரத்தில் செய்தி நின்றால், கருவி பழுது என்று காலைவரை காத்திருக்காமல், வெள்ளம் கொண்டுபோயிருக்கலாம் என்றே கீழே இருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு, இயல்பான நாட்களிலும் மணிக்கொரு முறை "உயிரோடு இருக்கிறேன்" என்று நிலையம் சொல்ல வேண்டும்.

நீரின் அளவை, கன மீட்டர் கணக்கில், தெரிந்துகொள்ள வேண்டாமா?

எச்சரிக்கைக்கு வேண்டாம், மட்டம் போதும். பாலம் கட்டவோ வெள்ள மாதிரி உருவாக்கவோ வேண்டும். கலங்கிச் சுழலும் ஓடையில் உப்புக் கரைசல் முறை வசதியானது: நொடிக்கு 1 கன மீட்டருக்கு 1 முதல் 2 கிலோ உப்பைக் கரைத்து ஒரே வீச்சில் ஊற்றி, ஓடை அகலத்தைப்போல் இருபது மடங்கு கீழே மின்கடத்துதிறனை அளப்பது. வெள்ளத்தில் ஆற்றில் இறங்க முடியாது; மேற்பரப்பு வேகத்தை ரேடாரால் அளந்து 0.85 ஆல் பெருக்கினால் சராசரி வேகம் ஓரளவு கிடைக்கும். பெரிய வெள்ளம் ஒவ்வொன்றுக்கும் பிறகு குறுக்குவெட்டைத் திரும்ப அளக்காவிட்டால் பழைய அட்டவணை குப்பை.

ஒரு சைரன் எவ்வளவு தூரம் கேட்கும்?

விற்பவர் சொல்லும் தூரத்தை நம்பாதீர்கள். 1 மீட்டரில் 120 டெசிபெல் ஒலிக்கும் சைரன், தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபெல் குறையும். 250 மீட்டரில் 72, 1 கிலோமீட்டரில் 60. வெள்ளத்தில் இரையும் ஆற்றங்கரையில் 70 டெசிபெல் இரைச்சல் சாதாரணமாக இருக்கும், தகரக் கூரையில் மழை வேறு. அப்படியானால் ஆற்றோரத்து வீட்டுக்காரருக்கு, அதாவது முதலில் ஓட வேண்டியவருக்கு, 300 மீட்டர் தள்ளியிருக்கும் சைரன் கேட்காது. பெரிய சைரன் ஒன்றைவிடச் சிறியவை நான்கைந்தைப் பரப்பி வையுங்கள், சுழல் விளக்கும் சேருங்கள். சைரனுக்குத் தனி பேட்டரி. மாதம் ஒருமுறை, சொல்லிவைத்த நாளில், சொல்லிவைத்த நேரத்தில் ஊதிப் பார்க்க வேண்டும்.

பனிக்காலத்தில் என்ன ஆகும்?

ஆற்றின் மேல் பனிப்பாலம் மூடினால் ரேடார் அதன் மேற்பரப்பை அளக்கும். அந்த மாதங்களில் ஏறும் வேக எச்சரிக்கையை நிறுத்தாமல், கேமரா படம் ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள். சிறு வாளி நிரம்பிக் கவிழ்வதை எண்ணும் வாளி மழைமானி பனியை அளக்காது. உருகிய பிறகு, மழையே இல்லாத வெயில் நாளில், 10 மில்லிமீட்டர் மழை என்று காட்டும்.

மழைமானியை அங்கேயே எப்படிச் சரிபார்ப்பது?

200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாய், ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால் ஒரு கவிழ்ப்பு 6.28 மில்லிலிட்டர். 628 மில்லிலிட்டர் தண்ணீரை அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் நிரப்பி அரை மணி நேரம் சொட்ட விடுங்கள். 100 கவிழ்ப்பு வர வேண்டும். 97க்கும் 103க்கும் இடையே இருந்தால் விட்டுவிடலாம். அவசரமாக ஊற்றினால் கவிழும் நேரத்தில் தண்ணீர் வீணாகி எண்ணிக்கை குறையும். பெருமழையிலும் இதே கோளாறு நேரும், அதனால் மழைமானி உச்சத்தில் எப்போதும் சற்றுக் குறைத்தே சொல்லும்.

எது அடிக்கடி பழுதாகிறது?

பெட்டிக்குள் ஈரம், கேபிள், பேட்டரி, இந்த வரிசையில். தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரப் பெட்டியும் இரவில் குளிர்ந்து உள்ளே காற்றை இழுக்கும், அதோடு ஈரமும் வரும். மூச்சுவிடும் வால்வு வையுங்கள், சிலிக்கா ஜெல் பையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கேபிள் எல்லாம் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும், நுழையும் முன் கீழே தொங்கி வளைந்து வந்தால் மழைநீர் அங்கே சொட்டிவிடும். எலி கடிக்காமல் இரும்புக் குழாய்க்குள் கேபிள், மாடு வந்து உரசாமல் சுற்றி வேலி, எறும்பு ஏறாமல் கிளாண்டில் பயன்படாத துளைகளுக்கு மூடி.

ஆண்டுக்கு இரண்டு பயணம் கட்டாயம்: மழைக்காலத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இடையில் வாரம் ஒருமுறை அளவுகோல் பலகையைப் படித்து எழுத, பேனலைத் துடைக்க, புதரை வெட்ட, சம்பளத்தோடு உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். அவர் இருக்கும் இடத்தில் திருட்டும் குறைகிறது. நிலையத்தைக் கட்டப் பணம் கொடுப்பவர்கள் இந்தச் சம்பளத்தைத் திட்டத்தில் சேர்க்க மறுத்தால், கட்டுவதைத் தள்ளிப்போடலாம்.

விலை மலிவான திறந்த வன்பொருள் பலகைகளை வைத்துச் செய்யலாமா?

இரண்டாம் நிலையத்துக்கும் சோதனைக்கும் செய்யலாம். உயிர்காக்கும் முதல் நிலையத்தில், வாட்ச்டாக் டைமரும் (கருவி உறைந்து நின்றால் தானாக மறுபடி தொடங்கவைப்பது) அகன்ற வெப்பநிலை வரம்பும் உள்ள லாகர்தான் வேண்டும். எஸ்டி கார்டு குளிரில் பிடிவாதம் செய்யும்.

வெள்ளம் நிலையத்தையே அடித்துச் சென்றுவிட்டால்?

அது நடக்கும் என்று எதிர்பார்த்தே கட்டுங்கள். சென்சார் கையை மலிவாகவும், லாகர் பெட்டியை உயரத்திலும் வையுங்கள். இடையில் உள்ள கேபிளில் எளிதாகக் கழலும் ஒரு இணைப்பு கொடுத்தால், கை போகும்போது பெட்டியை இழுத்துக்கொண்டு போகாது. பாறையில் குறைந்தது மூன்று பெஞ்ச் மார்க் (உயரத்தை ஒப்பிட உதவும் நிலையான குறி) செதுக்கி, ஒன்றுக்கொன்று உயர வித்தியாசத்தை எழுதி வைத்திருந்தால், புதிய சென்சாரைப் பழைய மட்டத்திலேயே தொடரலாம்.

உச்ச மட்டத்தைப் பதிவு செய்ய மின்சாரமே வேண்டாத ஒரு கருவி உண்டு: அடியில் துளையிட்ட இரும்புக் குழாய், உள்ளே ஒரு மரச்சட்டம், கொஞ்சம் கார்க் தூள். தண்ணீர் ஏறி இறங்கியதும் உச்சத்தில் தூள் கோடாக ஒட்டியிருக்கும். பாறை மறைவில் இரண்டு மூன்று வைத்துவிடுங்கள். கரையோரச் சருகுக் கோடுகளையும் முதல் வாரத்துக்குள் பெயிண்டால் குறித்து மட்டம் எடுங்கள், அடுத்த மழை அவற்றைக் கழுவிவிடும். மாற்று சென்சார், கை, ஒரு பேட்டரி ஆகியவற்றை ஆற்றின் எந்தக் கரையில் நிலையம் இருக்கிறதோ அதே கரையில் உள்ள ஊரில் பூட்டி வையுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு பாலம் இருக்காது.